நிலம் இல்லாத இடத்தில் பாரம் தூக்குவது

உப்புவெளியில் உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி இப்படிக் கேட்டிருந்தார்: “சர்வதேச விண்வெளி நிலையத்தில் எதற்கும் நிறை இல்லை. பிறகு எப்படி அங்கே பாரம் தூக்கி உடற்பயிற்சி செய்கிறார்கள்? ரப்பர் பட்டி ஒன்றைக் கட்டி இழுத்தால் போதாதா? நிலவுக்கும் செவ்வாய்க்கும் போக என்று ஏன் புதிது புதிதாக மெஷின் செய்துகொண்டிருக்கிறார்கள்?”

நான் பொறியியலாளன் இல்லை, தம்பி. திருகோணமலையில் இருபது வருடத்துக்கு மேலாக இயன்மருத்துவம் பார்க்கிறேன். ஆனால் விண்வெளிக்குப் போனவர்களுக்கு வருகிற வருத்தமும் என்னிடம் வருகிறவர்களின் வருத்தமும் ஒரே குடும்பம். அதனால் இந்த விஷயத்தை விடாமல் வாசித்து வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கால் முறிந்து பிளாஸ்டர் போட்ட ஒருவருக்கு ஆறு கிழமை கழித்து அதை வெட்டி எடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பிளாஸ்டர் பிளந்ததும் உள்ளே இருந்து வெளிறிப்போய், தோல் உரிகிற ஒரு கால் வரும். கெண்டைக்கால் சதை வற்றி, தோல் தொளதொளவென்று இருக்கும். ஒன்றரை மாதத்துக்கு முன் வள்ளத்தைக் கரைக்குத் தள்ளி ஏற்றிய மனிதர், கட்டிலை விட்டு இறங்கியதும் என் தோளை எட்டிப் பிடிப்பார். “இது என்ர கால் மாதிரியே இல்லை, சேர்” என்றார் ஒருவர். அந்தக் காலுக்கு நோய் ஒன்றும் வரவில்லை. ஆறு கிழமை வேலை இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

விண்வெளிக்குப் போகிறவருக்கு இடுப்புக்குக் கீழே முழுவதும் இந்தக் கதைதான். நீங்கள் பௌதிகவியல் படிப்பவர், ஆகவே ஒரு திருத்தம்: 400 கிலோமீற்றர் உயரத்தில் ஈர்ப்பு இல்லாமல் போய்விடுவதில்லை. தரையில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அங்கேயும் உண்டு. நிலையமும் அதற்குள் இருக்கிற ஆட்களும் ஒன்றாக விழுந்துகொண்டே இருப்பதால், காலைத் தாங்கும் தரைதான் அங்கே இல்லை. இல்லாமல் போனது ஈர்ப்பு அல்ல, நிலம். இந்த மெஷின்களின் கதை முழுவதும் இதற்குள் அடங்கும் என்பது என் எண்ணம்.

எலும்பைக் கல் மாதிரி நினைக்கக் கூடாது. பழையதைக் கரைக்கும் உயிரணுக்களும் புதியதைக் கட்டும் உயிரணுக்களும் அதற்குள் எந்நேரமும் வேலை செய்கின்றன. நடக்கும்போதும் குதிக்கும்போதும் விழுகிற அடிதான் “இங்கே கட்டு” என்று சொல்லும் கட்டளை. அடி விழாத எலும்பை உடம்பு வீண்செலவு என்று கணக்கெழுதிக் கரைத்துவிடும். பயிற்சி போதாமல் இருந்தால் இடுப்பு எலும்பிலும் முள்ளந்தண்டிலும் மாதத்துக்கு 1 முதல் 1.5 வீதம் வரை அடர்த்தி குறைகிறது. இங்கே வயதானவர்களுக்கு ஒரு வருடத்தில் குறைகிற அளவு அது. கரைந்த கல்சியம் சிறுநீரோடு போகும், அதனால் சிறுநீரகக் கல் வரும் பயமும் சேர்ந்துகொள்ளும்.

புறாத்தீவுப் பக்கம் சுழியோடப் போய் வருகிறவர்கள் “விண்வெளியில் மிதப்பது மாதிரியே இருந்தது” என்பார்கள். பாதி உண்மை. நீர் வெளியிலிருந்துதான் தாங்குகிறது, உள்ளே குடலும் இரத்தமும் கீழ்நோக்கித்தான் இருக்கின்றன. கையை வீசினால் நீர் தடுக்கவும் செய்யும், அது தசைக்கு நல்லது. எலும்புக்கு அது பெரிதாக உதவுவதில்லை. நன்றாக நீந்துகிறவர்களின் எலும்பு ஓடுகிறவர்களின் எலும்பைவிட அடர்த்தி குறைந்தே இருப்பதைப் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

1970 ஜூனில் சோயுஸ் 9 என்ற சின்னக் கலத்தில் நிக்கொலாயெவ், செவஸ்தியானோவ் என்ற இரண்டு சோவியத் வீரர்கள் சுமார் 18 நாட்கள் பூமியைச் சுற்றினார்கள். திரும்பி வந்தபோது அவர்களால் ஒழுங்காக நிற்கவே முடியவில்லை, தூக்கித்தான் கொண்டுபோனார்கள். பதினெட்டே நாட்கள்! அதற்குப் பிறகுதான் சோவியத் ஆட்கள் பயிற்சியைக் கடுமையாக எடுத்துக்கொண்டார்கள். ஓடும் மெஷின் வந்தது, உள்ளே ரப்பர் பட்டிகள் தைத்த ‘பெங்குயின்’ உடுப்பு வந்தது. அந்த உடுப்பைப் போட்டால் நிமிர்ந்து நிற்பதற்கே தசை வேலை செய்ய வேண்டியிருக்கும். 1995இல் வலேரி பொலியாகோவ் மிர் நிலையத்தில் 437 நாட்கள் இருந்துவிட்டு வந்து, கலத்திலிருந்து பக்கத்தில் இருந்த கதிரைக்குத் தன் காலாலேயே நடந்து போனார்.

அமெரிக்கர்களின் முதல் விண்வெளி நிலையமான ஸ்கைலாப்பின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1973இல் முதல் குழு 28 நாட்கள் இருந்தது. அவர்களிடம் இருந்தது பயிற்சிச் சைக்கிள். சைக்கிள் இதயத்துக்கு நல்லது, நிற்கும் காலுக்கு அது போதவில்லை. 84 நாட்கள் இருந்த மூன்றாவது குழுவுக்கு ஓடும் மெஷின் வேண்டும் என்றார்கள், அனுப்ப இடமும் இல்லை நிறைக்கு அனுமதியும் இல்லை. வில்லியம் தோர்ன்டன் என்ற மருத்துவர் ஒரு வழி கண்டார்: தெஃப்லோன் பூசிய ஒரு உலோகத் தகடு. நாடாவும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. தகட்டைத் தரையில் பூட்டி, ரப்பர் கயிற்றால் ஆளைத் தோளிலிருந்து கீழே இழுத்துக் கட்டி, காலுறையோடு நிற்க வைத்தால், ஒவ்வொரு அடியும் வழுக்கி வழுக்கி ஏற்றத்தில் நடப்பது மாதிரி ஆகிவிடும். ஈரச் சீமெந்துத் தரையில் சொக்ஸோடு நடந்து பார்த்தவர்களுக்கு விளங்கும். அந்தக் குழுவின் கால்கள்தான் முந்தின இரண்டு குழுக்களையும்விட நல்ல நிலையில் திரும்பின. ஒரு தகடுதான் அந்த வேலையைச் செய்தது. இதை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

இனி உங்கள் ரப்பர் பட்டி. அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். விண்வெளி நிலையத்தின் ஆரம்ப வருடங்களில் இருந்த பாரம் தூக்கும் கருவி ரப்பரால்தான் வேலை செய்தது, உச்ச சுமை 136 கிலோ. இழுக்க இழுக்க ரப்பரின் எதிர்ப்புக் கூடும். அதாவது குந்தியிருந்து எழும்பத் தொடங்கும் இடத்தில் சுமை குறைவு, நிமிர்ந்து முடிக்கும் இடத்தில் கூட. வீட்டில் அரிசி மூட்டையைத் தூக்கும்போது மூட்டையின் நிறை வழியில் மாறுவதில்லை அல்லவா? உடம்பு பழகியிருப்பது அதற்குத்தான். இன்னொரு சங்கடமும் உண்டு. இங்கே குந்தி எழும்பும்போது தோளில் இருக்கிற பாரத்தோடு நம் உடம்பின் பெரும்பகுதியையும் சேர்த்துத் தூக்குகிறோம். அங்கே உடம்புக்கு நிறை இல்லை, அதையும் மெஷின்தான் தர வேண்டும். 70 கிலோ ஆள் 60 கிலோ பாரத்தோடு குந்தி எழும்புவதற்குச் சமமாகச் செய்ய நினைத்தால் மெஷினில் நூற்றுக்கு மேலே வைக்க வேண்டும். பலசாலி ஒருவருக்கு 136 கிலோ ஒரு மூலைக்கும் காணாது. அந்தக் கருவியைப் பாவித்தவர்களுக்கு எலும்பு குறைந்துகொண்டேதான் போனது.

விடை எங்கே கிடைத்தது தெரியுமா? 20 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்றை எடுங்கள், ஊசி வேண்டாம். தண்டை முழுக்க உள்ளே தள்ளுங்கள். நுனியை விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு தண்டை வெளியே இழுங்கள். ஆரம்பத்தில் மெல்ல ஏறும் எதிர்ப்பு, கொஞ்ச தூரத்திலேயே ஒரு அளவுக்கு வந்து நின்றுவிடும். பிறகு பாதி இழுத்தாலும் முழுக்க இழுத்தாலும் கைக்கு அது ஏறக்குறைய ஒரே பாரம்தான். விட்டால் பட்டென்று உள்ளே ஓடிப் போய் அடிக்கும். உங்களை எதிர்ப்பது உள்ளே இருக்கும் வெற்றிடம் அல்ல, வெளியே நிற்கும் வளி. சதுர சென்ரிமீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கணக்கில் அது தண்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்தச் சிரிஞ்சின் உள் அகலம் சுமார் 2 சென்ரிமீற்றர், ஆகவே நீங்கள் இழுப்பது மூன்று கிலோ அளவு. இதையே பெரிதாகச் செய்து, இரண்டு சிலிண்டர் வைத்து, நெம்புகோலின் நீளத்தை மாற்றினால் சுமை கூடிக் குறைகிற மாதிரிப் பூட்டினால் அதுதான் ஏரெட் (ARED), ரப்பர் கருவிக்குப் பிறகு நிலையத்துக்கு வந்த பாரம் தூக்கும் மெஷின்.

2008 நவம்பரில் எண்டெவர் என்ற அமெரிக்க விண்வெளி ஓடம் அதை மேலே கொண்டுபோனது. உச்ச சுமை 272 கிலோ, மின்சாரம் வேண்டியதில்லை. செய்தவர்களின் கெட்டித்தனம் எனக்கு விளங்கியது ஒரு சின்ன இடத்தில். சிரிஞ்சுக்கு நிறை போன்ற எதிர்ப்பு உண்டு, திணிவு இல்லை. இரும்புப் பாரத்தைக் கிளப்பும் அந்த முதல் நொடியில் கூடுதலாக ஒரு முக்கு முக்க வேண்டும், மேலே போனதும் அது தானாகக் கொஞ்சம் போகும். சடத்துவம் என்று நீங்கள் படிப்பது. அது இல்லாவிட்டால் தூக்குவது உயிரில்லாமல் இருக்கும். அதற்காக மெஷினில் சுழலும் கனத்த சில்லுகளைச் சேர்த்தார்கள். தூக்கத் தொடங்கும்போது சில்லையும் சுழற்ற வேண்டும், பாரத்துக்கு உயிர் வந்துவிடும். இன்னொன்றும் சொல்லலாம்: வளிதான் பாரம் என்றால், கலத்துக்குள் வளியமுக்கத்தைக் குறைத்து வைத்தால் பாரமும் குறையும். ஸ்கைலாப்பில் இருந்தது நம் வளியமுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. அங்கே ஏரெட்டைப் பூட்டியிருந்தால் 272 கிலோ 90 கிலோவாக இறங்கியிருக்கும். உங்கள் ஆசிரியர் பரீட்சையில் போடக்கூடிய கேள்வி.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. ஏரெட்டில் பயிற்சி செய்து, போதுமான அளவு சாப்பிட்டு, விற்றமின் டி எடுத்தவர்கள் எலும்பின் அடர்த்தியைப் பெருமளவு காப்பாற்றிக்கொண்டு வந்தார்கள் என்று 2012இல் ஆய்வு வந்தது. கூடவே, இங்கே நம் அம்மம்மாமாருக்கு எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கு ஒன்றாகக் கொடுக்கிற அலென்ட்ரோனேட் குளிசையையும் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் உதவியது. ஆனால் 2022இல் வந்த இன்னொரு ஆய்வு அவ்வளவு சந்தோசமானது இல்லை. 17 பேரைப் பார்த்ததில், பூமிக்கு வந்து ஒரு வருடம் கழித்தும் 9 பேருக்குக் கணைக்கால் எலும்பு பழைய நிலைக்கு வரவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் இருந்தவர்களுக்குத்தான் பாதிப்புக் கூட.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். நிலாவெளியில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றைப் பிடித்தவர்கள் பின்னால் சாய்ந்து, குதிகாலை மணலுக்குள் புதைத்து, அம்பாப் பாட்டுக்கு ஒரு இழுவை என்று இழுப்பார்கள். கண்ணுக்குத் தெரிவது கையும் முதுகும், உண்மையில் வலையை இழுப்பது குதிகால். அந்த ஆட்களைச் சீமெந்துத் தரையில் எண்ணெய் ஊற்றி நிற்க வைத்தால் வலை வராது, ஆட்கள்தான் வலைக்குப் போவார்கள். விண்வெளியில் எல்லாத் தரையும் எண்ணெய்த் தரை. அதனால் ஆளைப் பூட்ட வேண்டும். சரி, பூட்டியாயிற்று. ஆனால் நியூற்றனின் மூன்றாம் விதி சும்மா விடாதே. ஆள் தரையைத் தள்ளினால் தரையும் போகும். இங்கே தரை என்பது பூமி, அது அசையாது. அங்கே தரை என்பது விண்கலம்.

நிலையம் நானூறு தொன்னுக்கு மேல், எண்பது கிலோ ஆள் துள்ளினால் என்ன என்று கேட்பீர்கள். ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். சின்னப் பிள்ளை ஒன்று, சரியான நேரத்தில் சின்னத் தட்டாகத் தட்டினால் பெரிய ஆளையும் உயர ஆட்டிவிடும். நிலையத்தின் நீண்ட சூரியத் தகடுகளுக்கும் தங்களுக்கென்று மெல்லிய ஆட்டம் உண்டு. மூன்று நான்கு நொடிக்கு ஒருதரம் குந்தி எழும்புகிற ஒருவரின் தாளம் அந்த ஆட்டத்தோடு ஒத்துப்போனால் சட்டத்துக்கு ஆபத்து. நிலையத்தில் நடக்கும் நுண்ணிய பரிசோதனைகளும் கெட்டுவிடும். ஆகவே மெஷின் செய்பவருக்கு இரண்டு எசமானர்கள். பயிற்சி செய்பவருக்கு உறுதியான நிலம் வேண்டும். நிலையத்துக்கோ அந்த நிலம் தன்னைத் தொடவே கூடாது. பயிற்சி மெஷின்களை விசேட வில்களில் தொங்கவிட்டிருப்பது இதனால்தான். பழைய ஓடும் மெஷினில் ஆட்டத்தை அடக்க ஜைரோ என்ற சுழலும் சில்லு வைத்தார்கள், அது அடிக்கடி பழுதாகி ஆட்களின் உயிரை வாங்கியது. 2007இல் சுனிதா வில்லியம்ஸ் பொஸ்ரன் மரதனைப் பூமியைச் சுற்றிக்கொண்டே ஓடினாரே, அது அந்த மெஷினில்தான். 2009இல் வந்த புதியது ‘கோல்பேர்ட்’. நிலையத்தின் புதிய பகுதிக்குப் பெயர் வைக்கப் பொதுமக்களிடம் வாக்குக் கேட்டபோது ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைக்காரரின் இரசிகர்கள் திரண்டு அவர் பெயரை முதலிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நாசா அந்தப் பகுதிக்கு வேறு பெயர் வைத்துவிட்டு, சமாதானத்துக்கு ஓடும் மெஷினுக்கு அவர் பெயரைக் கொடுத்தது.

இவற்றில் கழிவது நாளுக்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம், கிழமையில் ஆறு நாட்கள். தோளிலும் இடுப்பிலும் பட்டி வெட்டும். அந்த நோவால் முழு உடல் நிறை அளவுக்குச் சுமையை வைத்து ஓடுவது கஷ்டம், பலர் குறைத்தே வைக்கிறார்கள். வியர்வை சொட்டாது, தோலிலேயே தண்ணீர்க் கட்டியாகத் திரண்டு நிற்கும், துவாயால் ஒற்றி எடுக்க வேண்டும். அந்த நீரும் வளியிலிருந்து பிடிக்கப்பட்டு, சுத்தமாகி, நாளைக்குக் கோப்பியாக வரும்.

நிலவுப் பயணத்தில் பிரச்சினை வேறு உருவம் எடுக்கிறது. நிலையத்தில் இருக்கிற பயிற்சிக் கருவிகளின் மொத்த நிறை சுமார் 1,800 கிலோ, அவை பிடிக்கிற இடம் சுமார் 24 கன மீற்றர். நால்வர் போகிற ஓரியன் கலத்தில் ஆட்கள் இருக்கக்கூடிய மொத்த இடமே சுமார் 9 கன மீற்றர். என்ன செய்வது?

சின்ன வயதில் சோடா மூடியைத் தட்டித் தட்டையாக்கி, இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து விளையாடியிருப்பீர்கள். நூலை முறுக்கி இரண்டு கையாலும் இழுத்தால் மூடி ‘விர்’ரென்று சுழலும். நூல் அவிழ்ந்து முடிந்ததும் அது நிற்காது. சுழன்ற வேகத்தில் மறுபக்கமாக நூலைச் சுற்றி உங்கள் கைகளை உள்ளே இழுக்கும். எவ்வளவு வேகமாக இழுத்தீர்களோ அவ்வளவு பலமாகத் திருப்பி இழுக்கும். ஓரியனுக்குச் செய்த கருவி இந்தச் சோடா மூடியின் அண்ணன். உள்ளே ஒரு சில்லு, அதில் சுற்றிய பட்டி. கருவியின் நிறை சுமார் 14 கிலோ, கையோடு கொண்டுபோகும் பயணப்பெட்டி அளவு. மின்சாரம் வேண்டாம், 180 கிலோ அளவுக்கு எதிர்ப்புத் தரும். குந்தி எழும்பலாம், படகு வலிப்பது மாதிரியும் இழுக்கலாம். இந்த யோசனையை 1990களின் தொடக்கத்தில் விண்வெளிக்கென்றே வளர்த்தது சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்து ஆட்கள். இன்று தரையில் பந்தாட்டக்காரரும் அதில் பயிற்சி செய்கிறார்கள். திரும்பி வரும் இழுவையைத் தாங்கிப் பிடிக்கும்போதுதான் தசைக்கு அசல் வேலை.

பத்து நாள் பயணத்துக்கு இது தாராளம். செவ்வாய்க்கு இதை மட்டும் நம்பி அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். சில்லு நீங்கள் கொடுத்ததைத்தான் திருப்பித் தரும். களைத்துப்போய் மெல்ல இழுத்தால் அதுவும் மெல்ல இழுக்கும். சோம்பலுக்கு இடம் கொடுக்கும் மெஷின் அது. போகவே ஆறு மாதத்துக்கு மேல் எடுக்கும். கசகஸ்தானில் வந்து இறங்குகிறவர்களைத் தூக்கிக் கதிரையில் இருத்த ஒரு கூட்டமே காத்திருக்கிறது. செவ்வாயில் கதவைத் திறந்தால் யார் நிற்கிறார்கள்? நம் நிறையில் 38 வீதம்தான் என்றாலும், அந்தக் கனத்த உடுப்போடு தானே எழும்பி நடக்க வேண்டும்.

பாரம் தூக்குதல், சைக்கிள், படகு வலித்தல் எல்லாவற்றையும் ஒன்றாக்கிய மெஷின் ஒன்றை ஐரோப்பியர்கள் டென்மார்க் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து செய்திருக்கிறார்கள். இடம் மிச்சம், உண்மைதான். ஆனால் எனக்கு அதில் ஒரு பயம். முன்பு நான் வேலை செய்த ஒரு இடத்துக்கு அன்பளிப்பாக ஒரு நடைமெஷின் வந்தது. அழகான திரை, இதயத் துடிப்பு எல்லாம் காட்டும். நான்காம் மாதம் நாடா அறுந்தது. கொழும்பில் பாகம் இல்லை, வெளிநாட்டிலிருந்து வர எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் மெஷினுக்கு மேலே துவாய் காயப்போட்டோம், நோயாளிகளை விறாந்தையில் இருந்த இரும்புக் கைபிடியைப் பிடித்து நடக்கவிட்டோம். கைபிடி ஒரு நாளும் பழுதாகவில்லை. செவ்வாய்க் கலத்துக்குக் கொழும்பும் கிடையாது. எல்லாம் ஒரே மெஷினில் என்றால், ஒரு வில் உடைந்தால் எல்லாம் போச்சு. என்னைக் கேட்டால், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு எளிய கருவிகளை அனுப்பச் சொல்வேன். அந்தத் தெஃப்லோன் தகட்டை இதற்காகத்தான் மனதில் வைக்கச் சொன்னேன். இப்படிச் சொன்னால் பொறியியலாளர்கள் சிரிக்கலாம், சிரிக்கட்டும்.

பாடசாலைச் செயற்றிட்டத்துக்கு ஏதாவது செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ரப்பர் பட்டி, அடைத்த சிரிஞ்ச் இரண்டையும் ஒரு பலகையில் பூட்டி, விற்றராசால் சென்ரிமீற்றர் சென்ரிமீற்றராக இழுத்து, இரண்டுக்கும் வரைபு கீறுங்கள். ரப்பரின் கோடு ஏறிக்கொண்டே போகும், சிரிஞ்சின் கோடு ஏறி மட்டமாகிவிடும். நுனியை அடைக்க விரல் காணாது, சைக்கிள் ரியூப் துண்டை மடித்து இறுக்கிக் கட்டுங்கள். புதுச் சிரிஞ்ச் பாமசியில் மலிவு. தண்டின் ரப்பர் முனையில் ஒரு துளி தேங்காயெண்ணெய் பூசுங்கள், இல்லாவிட்டால் உராய்வு உங்கள் வரைபைக் கெடுத்துவிடும்.